வெடிச்சத்தத்துக்குப் பின் வரும் வேட்கை

தீபாவளிக்கு முதல் நாள் இரவு, அயல்வீட்டுச் சிறுவர்கள் கொளுத்திய சீனவெடிச் சரம் ஒன்று திடீரென வெடிக்கிறது. முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் தன்னை அறியாமலே எழுந்து சுவரோரம் ஒடுங்குகிறார். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓரிரு நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டு, தன்னைக் கண்டு சிரித்த பிள்ளைகளோடு தானும் சிரித்துவிடுகிறார். ஆனால் அரை மணித்தியாலம் கழிவதற்குள், ஏழு வாரங்களாகச் சாராயத்தைத் தொடாதிருந்த அவருடைய கால்கள் மதுச்சாலைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. "நாள் விசேஷம் வந்தால் இவருக்குக் குடிக்க ஒரு சாட்டு" என்று வீட்டார் சொல்கிறார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார். வெடிச்சத்தத்துக்கும் போத்தலுக்கும் இடையில் கிடந்த அந்த அரை மணித்தியாலத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

இது குறிப்பிட்ட ஒருவருடைய கதை அல்ல. வன்னியில் 2009இல் முடிந்த இறுதிப் போரைக் கடந்துவந்த பலருடைய வீடுகளில் சிறு சிறு மாற்றங்களோடு நடப்பது. இந்த வழிகாட்டி அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றியது: அதற்குள் என்ன நடக்கிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, அதற்குள் என்ன செய்யலாம். மதுவை முன்வைத்தே எழுதுகிறேன். கசிப்பு என்னும் கள்ளச்சாராயம், கஞ்சா, ஐஸ் என்னும் போதைப்பொருள், அளவுக்கு மீறி விழுங்கும் நித்திரைக் குளிசை ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மூளை கற்றுக்கொண்ட குறுக்குவழி

உயிருக்கு ஆபத்து நேர்ந்த தருணங்களை மனம் மற்ற நாட்களை நினைவில் வைப்பதைப் போல வைப்பதில்லை. சாதாரண நினைவுக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு, ஒரு திகதி உண்டு. பேரதிர்ச்சியின் நினைவோ சத்தமாகவும் மணமாகவும் உடம்பின் நடுக்கமாகவும் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறல்களில் ஒன்றை ஒத்த ஏதாவது வெளியில் தோன்றினால், இது பழைய விடயம் என்று அறிவு சொல்வதற்கு முன்பே உடம்பு ஆபத்துக்குத் தயாராகிவிடுகிறது. இந்த நிலை நீடிக்கும்போது அதை மனவடு என்று தமிழில் சொல்கிறார்கள். ஆறிய புண்ணின் தழும்பு மழைக்காலத்தில் நோவதைப் போன்றது என்பதால் பொருத்தமான சொல்தான்.

இந்தப் பதற்றத்தோடு மது எப்படிச் சேர்கிறது? ஒரு காலத்தில், நித்திரை வராத ஓர் இரவில், யாரோ ஊற்றிக்கொடுத்த அரைக் கிளாஸ் சாராயம் நெஞ்சின் படபடப்பை அடக்கியிருக்கும். மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள் ஆகையால் அந்த ஆறுதல் பொய்யல்ல. பதற்றம் வந்தது, மது வந்தது, பதற்றம் போனது என்ற வரிசை சில நூறு தடவை நடந்தபின், மூளை நடுவில் நிற்கும் நினைவை விட்டுவிட்டு நேரே கடைசிக்குத் தாவக் கற்றுக்கொள்கிறது. மணியோசை கேட்டதும் உணவைக் காணாமலே நாய்க்கு எச்சில் ஊறியதாகப் பாவ்லோவ் காட்டிய அதே கற்றல்தான் இதுவும். ஆய்வுகூடங்களிலும் இது பார்க்கப்பட்டிருக்கிறது: மனவடுவும் மதுப்பழக்கமும் சேர்ந்து உள்ளவர்களுக்கு அவர்களுக்கு நேர்ந்த கொடுமையின் விவரிப்பையே வாசித்துக்காட்டினால், கண்ணெதிரே மது எதுவும் இல்லாதபோதும் குடிக்கும் வேட்கை கூடுகிறது.

எனவே சிலருக்கு நினைவு வந்ததே தெரிவதில்லை. "ஒரு காரணமும் இல்லை, சும்மா குடிக்கோணும் போல கிடந்தது" என்று அவர்கள் சொல்வது சமாளிப்பு அல்ல. அவர்கள் அறிந்த அளவில் அதுவே உண்மை.

இடமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தபோது, அங்கே ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தவர்களில் மிகச் சிறிய பகுதியினரே ஊர் வந்த முதல் ஆண்டில் மறுபடி அடிமைப்பட்டது தெரியவந்தது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பழக்கத்தைக் கிளறும் சூழலை அவர்கள் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் விட்டு வந்துவிட்டார்கள் என்பது. வன்னி மக்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறியவர்கள் பெரும்பாலும் எறிகணை விழுந்த அதே காணிக்கு, தலையிழந்த அதே பனைகளுக்கு நடுவில், திரும்பக் குடியேறினார்கள். கிளறும் இடத்தை விட்டு விலகி இரு என்ற பொது அறிவுரை, தன் வீட்டு முற்றமே கிளறும் இடமாக இருப்பவருக்கு உதவாது. ஆகவே நினைவு வரும், வந்தபின் என்ன செய்வது என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் கை நடுங்குவதை நிறுத்துவதற்காகவே குடிப்பவர், முன்பு ஒரு தடவை குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு வீட்டில் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணித்தியாலத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையான காலத்தில் சிலருக்கு ஆளும் இடமும் தெரியாத குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரைப் பறிக்கக்கூடியது. வைத்தியசாலையில் சில நாள் தங்கி, குளிசையோடும் தயமின் என்ற விற்றமினோடும் நிறுத்துவதே பாதுகாப்பு. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள்.

எது கிளறுகிறது என்று கண்டுபிடித்தல்

ஒரு கொப்பியை எடுத்து, இரண்டு வாரத்துக்கு, வேட்கை வந்த ஒவ்வொரு தடவையும் ஐந்து விடயங்களைக் குறித்து வையுங்கள்: நேரம், அதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் கண்டது, கேட்டது, மணந்தது, உடம்பில் என்ன நடந்தது, வேட்கை பத்தில் எத்தனை, பிறகு என்ன செய்தீர்கள். குடித்த நாளையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் அதிகம் கற்றுத்தருவது அந்த நாள்தான். எழுதப் பழக்கம் இல்லாதவர் கைத்தொலைபேசியில் குரலாகப் பதிந்து வைக்கலாம், அல்லது மனைவியோ மகளோ எழுதிக்கொடுக்கலாம். போரில் என்ன நடந்தது என்று இதில் எழுத வேண்டியதில்லை. எழுதக் கூடாது என்றே சொல்வேன். இன்றைய நாளில் நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் சில விடயங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். சத்தங்கள் எளிதில் பிடிபடும்: தாழப் பறக்கும் ஹெலி, கிபிர் போர்விமானத்தை நினைவூட்டும் எந்த இரைச்சலும், கல்லுடைக்கும் இடத்து வெடி, கதவு அடித்துச் சாத்துவது. மணங்கள் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. எரிந்த றப்பர், டீசல், ஈரமண், வைத்தியசாலையின் மருந்து நெடி, உப்புக் கலந்த களப்புக் காற்று என்று எதுவாகவும் இருக்கலாம். மணம் நேரே உணர்ச்சியைத் தொடுவதால் காரணம் தெரியாமலே மனம் குழம்பிப்போகிறது. முள்ளிவாய்க்காலில் உயிரைக் காத்த கஞ்சியை நினைவுகூர்ந்து மே மாதத்தில் காய்ச்சும்போது, அந்த ஆவியின் மணமே சிலருக்கு ஆறுதலாகவும் வேறு சிலருக்குத் தாங்க முடியாததாகவும் இருக்கிறது. இரண்டுமே இயல்பு.

அதைவிட ஒளிந்து நிற்பவை உடம்பின் உள்ளே உள்ளவை. பசி, கடும் வெயிலில் தாகம், காய்ச்சல், ஓடியபின் துடிக்கும் நெஞ்சு, மூடிய அறையின் புழுக்கம் ஆகியவை பங்கரில் இருந்த உடம்பு அனுபவித்தவை. இன்று வேறு காரணத்தால் வந்தாலும் பழைய பதற்றத்தைக் கூட்டிவரலாம். காலையில் சாப்பிடாமல் தோட்டத்தில் நின்றவருக்கு மதியத்தில் வரும் வேட்கைக்குப் பாதி மருந்து ஒரு தட்டுச் சோறு என்பது கொப்பியை எழுதிய பிறகுதான் தெரியவரும்.

செய்திகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் கொக்குத்தொடுவாயிலும் 2025இல் செம்மணியிலும் புதைகுழிகள் தோண்டப்பட்டபோது, படங்கள் கைத்தொலைபேசி வழியே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்தன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் குடும்பத்துக்கு அது செய்தி மட்டும் அல்ல. அதேபோல, விசாரணைக்கு அழைக்கப்பட்டு, முன்பு பல தடவை சொன்னதை இன்னொரு மேசைக்கு முன் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் பேருந்தில் திரும்பும் பயணமும் ஆபத்தானது. விசாரணை அறையில் கல்லாக இருந்தவர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் உடைவார். பேருந்து நிலையத்துக்கு அருகில் மதுச்சாலை இல்லாத ஊர் குறைவு.

அந்த அரை மணித்தியாலம்

வேட்கை நிலையாக நிற்பதில்லை. அலைபோல் ஏறி, உச்சிக்குப் போய், நாம் ஊட்டாவிட்டால் இறங்கிவிடுகிறது. பெரும்பாலான வேட்கைகள் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் தணிகின்றன. இனி வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று அப்போது சபதம் எடுக்கத் தேவையில்லை. இந்த அலை இறங்கும்வரை குடிக்காமல் இருப்பது மட்டுமே வேலை. கடலோரத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அலையை எதிர்த்து நிற்பவரைத்தான் அது புரட்டும், அதன்மேல் மிதப்பவரை அது கடந்துபோகும்.

வரிசை முக்கியம். வேட்கைக்குப் பின்னால் பதற்றம் நிற்குமானால், முதலில் பதற்றத்தை இறக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மதுவோடு மட்டும் மல்லுக்கட்டினால் மதுவே வெல்லும். கண்ணைத் திறந்தபடி இருங்கள். கண்ணை மூடி மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சிகள் பலருக்கு நல்லவை, ஆனால் நினைவு கிளறப்பட்ட நிலையில் கண்ணை மூடினால் உள்ளே ஓடும் படம் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு பாதங்களையும் செருப்பில்லாமல் நிலத்தில் அழுத்தி வையுங்கள். இன்றைய திகதியையும் ஊரையும் பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது 2009 இல்லை. இது என்ர வீட்டு முற்றம். அது பக்கத்து வீட்டுப் பெடியள் கொளுத்தின வெடி." கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம், ஆயினும் திகதி இல்லாத நினைவுக்குத் திகதி கொடுப்பது இந்த வாக்கியம்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் முகத்திலும் கழுத்திலும் குளிர்ந்த தண்ணீரை அள்ளி ஊற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள்.

மூச்சு சிலருக்குக் கைகொடுக்கும்: நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுவது. வெளிவிடும் மூச்சை நீட்டுவதே உடம்பைத் தணிக்கிறது. ஆனால் மூச்சைக் கவனித்ததும் பங்கரில் மூச்சுமுட்டிய ஞாபகம் வருமானால், உடனே விட்டுவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. சிறுவயதில் பழகிய மந்திரத்தையோ செபத்தையோ திக்ரையோ தாளத்தோடு திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களுக்கு மூச்சை எண்ணாமலே அதே வேலையைச் செய்துதரும்.

படபடப்புக் குறைந்ததும் இடத்தை மாற்றுங்கள். கையில் பணம் இருந்தால் வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஏதாவது சாப்பிடுங்கள், சீனி போட்ட தேநீராவது குடியுங்கள். முன்பே பேசிவைத்த ஒருவரை அழையுங்கள். அழைப்பதற்குக் கதை தேவையில்லை. "எனக்கு இப்ப குடிக்கோணும் போல கிடக்கு, அரை மணித்தியாலம் என்னோட கதைச்சுக்கொண்டிரு" என்ற வார்த்தைகளே போதும். மறுபக்கம் இருப்பவரும் அப்போது போர்க்கதையைக் கேட்டுக் கிளற வேண்டாம். மாட்டைப் பற்றி, மகளின் பரீட்சையைப் பற்றி, மழை வருமா என்பதைப் பற்றிக் கதைத்தால் போதும். புண்ணைத் திறந்து கழுவுவதற்கு ஒரு நேரமும் தகுந்த ஆளும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மதுச்சாலை வாசலில் நிற்கும் வேளை அதற்குரியதல்ல.

நித்திரைக்காகக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மது நித்திரையைச் சீக்கிரம் கொண்டுவருவது உண்மை. ஆனால் அது வற்றும் பின்னிரவில் நித்திரை உடைகிறது, கனவுகள் கூடுகின்றன, விடியலில் பதற்றம் முன்பைவிட அதிகமாகிறது. கெட்ட கனவுக்குப் பயந்து குடித்து, குடித்ததால் கெட்ட கனவு கண்டு, அதற்காக மறுநாளும் குடிப்பது என்று இந்தச் சுற்று போகிறது. குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் கனவுகள் இன்னும் கடுமையாகலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது; தெரியாதவர் "குடியை விட்டதால்தான் இப்படி" என்று திரும்பிப் போய்விடுகிறார்.

முன்கூட்டியே தெரிந்த நாட்கள்

கிளறும் சத்தம் சொல்லாமல் வரும். கிளறும் நாள் கலண்டரில் எழுதியே இருக்கிறது. முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18, சுனாமி வந்த திசெம்பர் 26, இழந்தவரின் திதி, பிறந்தநாள் ஆகியவற்றைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பிருந்தே கவனமாக இருங்கள். மனம் மறந்தாலும் உடம்பு வெயிலையும் காற்றின் திசையையும் கொண்டு மாதத்தை அறிந்துவிடும். அந்த நாளில் யாரோடு இருப்பது, எங்கே படுப்பது, மாலை நான்கு மணிக்குப் பிறகு என்ன வேலை என்பதை முன்பே முடிவுசெய்து வையுங்கள். விளக்கேற்றவோ திருப்பலிக்கோ போகிறவர் தனியாகத் திரும்ப வேண்டாம்.

இலங்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. போயா எனப்படும் பௌர்ணமி நாட்களில் மதுச்சாலைகள் பூட்டப்படுவதால், முதல் நாளே வாங்கி வீட்டில் அடுக்கும் வழக்கம் இருக்கிறது; வெசாக் போயா பெரும்பாலும் மே மாதத்திலேயே வருகிறது. வருடத்தின் மிகக் கடுமையான வாரத்தில் வீட்டில் போத்தல் இருப்பதற்கு இதுவே ஒரு காரணமாகிவிடுகிறது. மதுச்சாலை பூட்டியிருக்கும் நாள் பாதுகாப்பான நாள் என்று எண்ணியிருக்க வேண்டாம்; கசிப்புக் காய்ச்சுபவருக்குப் போயா கிடையாது.

செத்தவீடு மிகவும் கடினமான இடம். அழுகுரல், பறையொலி, கூடியிருக்கும் ஆண்கள், வேலிக்குப் பின்னால் கைமாறும் போத்தல் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. போகாமல் இருப்பது நம் வழக்கத்தில் இயலாது. முகம் காட்டி, துக்கம் விசாரித்து, குடிக்காத ஒருவரோடு நேரத்தோடு திரும்புங்கள். யாராவது நீட்டினால், "குளிசை எடுக்கிறன் அண்ணை, இது சேராது" என்ற பதில் விவாதத்துக்கு இடம் வைக்காது. அதை வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகுங்கள்.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்பவர்களுக்குக் கலண்டர் வேறு. பிரித்தானியாவில் நவம்பர் 5ஐ ஒட்டிய இரவுகளிலும், கனடாவில் யூலை 1 அன்றும், எங்கும் புத்தாண்டு இரவிலும் வாணவெடிகள் நிச்சயம். அந்த இரவுகளில் காதை மூடும் கருவியும் உரத்த இசையும் கூட இருக்க ஒரு நண்பரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டாருக்கு

வெடிச்சத்தம் கேட்டு ஒடுங்கியவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதே முதல் உதவி. பின்னால் நின்று தோளைத் தொடாதீர்கள். முன்னால் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். குடித்துவிட்டு வந்த இரவில் நியாயம் பேசிப் பயனில்லை, மறுநாள் காலை, தேநீரோடு, "நேற்று பின்னேரம் என்ன நடந்தது?" என்று கேட்பது வேறு விதமான பதிலைத் தரும். ஒரு நாள் சறுக்கியதால் ஏழு வாரமும் வீண் என்று சொல்லவேண்டாம். அவரே அதை ஏற்கெனவே தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், அந்த வெட்கம்தான் இரண்டாம் நாளும் குடிக்கவைப்பது. அதற்காக அடியையும் வசவையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மனவடு குடியை விளக்கலாம். மனைவிமீது கை ஓங்குவதற்கு அது அனுமதி ஆகாது. பிள்ளைகளோடு வெளியேறிப் பாதுகாப்பான ஒரு வீட்டில் தங்குவது அந்த இரவில் சரியான முடிவு.

குடியை வெறுக்கவைக்கும் குளிசையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகலாம். அது நோயாளியின் சம்மதத்தோடு, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டியது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் இது நஞ்சூட்டுவதற்குச் சமம்.

பெண்களின் பக்கம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பின்னேரத்தில் கணவன் குடிக்கும் வீட்டில், இரவில் மனைவி நித்திரைக் குளிசை விழுங்குகிறாள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு அயலவளிடம் கடனாகவும். பென்சோடயசெப்பீன் வகைக் குளிசைகள் மனவடுவைக் குணப்படுத்துவதில்லை. நெடுநாள் எடுத்தால் அவையே பழக்கமாகும், மதுவோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். அவற்றையும் திடீரென நிறுத்தக் கூடாது, வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வைத்தியரிடம் எதைச் சொல்வது

முதலில் குடியை முழுதாக விடு, பிறகு மனவடுவைப் பார்க்கலாம் என்ற பழைய முறை, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்வதால் பலரை வழியிலேயே விட்டுவிட்டது. இரண்டையும் ஒரே காலத்தில் கவனிக்கலாம் என்பதே இன்றைய நிலைப்பாடு. வேட்கையைக் குறைக்க நல்ற்ரெக்சோன், அகாம்புரோசேற் போன்ற மருந்துகளும், மனவடுவுக்குச் செற்ரலீன் போன்ற மருந்துகளும் உண்டு. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரோடு நினைவைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பான வேகத்தில் அணுகும் சிகிச்சைகளும் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் வவுனியா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. சாக வேண்டும் என்ற எண்ணம் வருமானால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழையுங்கள்; தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலக்கத்தை அழைக்கலாம்.

கிளினிக்கில் வரிசை நீளம், வைத்தியருக்கு நேரம் குறைவு. அங்கே பெரும்பாலானோர் "குடிதான் பிரச்சினை, ஐயா" என்று மட்டும் சொல்லி, குடிக்குரிய குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். போரில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. "வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குது, அதுக்குப் பிறகுதான் குடிக்கோணும் போல வருகுது, இரவில் பழைய கனவு வருகுது" என்று மூன்று விடயங்களைச் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்குப் பாதை திறந்துவிடும். வார்த்தை வராது என்று தோன்றினால் கொப்பியைக் கொண்டுபோய், வேட்கை பத்தில் எட்டுக்கு மேல் போன நாட்களின் பக்கங்களை மடித்துவைத்து, மேசைமேல் திறந்து வையுங்கள்.